நடவாத போட்டிகள்: குத்துச்சண்டையிற் காலங்கடந்த ஒப்பீடு பற்றிய ஒரு நோக்கு

ஒரு துறையிலே தலைசிறந்தவர் யார் என்னும் வினா எழும்போது மனித மனம் தன் காலத்தவரோடு நின்றுவிடுவதில்லை. மறைந்தோரையும் வாழ்வோரையும் ஒரே அவையில் நிறுத்தி எடைபோட விழைகின்றது. ஓட்டப் பந்தயத்தைப் பொறுத்தவரை இவ்விழைவுக்கு ஓரளவு இடமுண்டு. 1936ஆம் ஆண்டு பேர்லினில் ஜெசி ஓவன்ஸ் நூறு மீற்றர் தூரத்தை 10.3 செக்கனில் ஓடினார். 2009ஆம் ஆண்டு அதே நகரில் உசைன் போல்ட் 9.58 செக்கனில் ஓடினார். ஓடுதளமும் காலணியும் மாறிவிட்டன என்று நாம் வாதிடலாமாயினும், இருவருக்கும் பொதுவானதோர் அளவுகோலாகக் கடிகாரம் இருக்கின்றது. குத்துச்சண்டைக்கு அத்தகைய அளவுகோல் எதுவுமில்லை. ஒரு வீரனின் திறமை எதிரே நிற்கும் மற்றொரு வீரனைக் கொண்டே அளக்கப்படுகின்றது. எதிரி இல்லாதவிடத்து அளவும் இல்லை.

இக்காரணம் பற்றியே குத்துச்சண்டையிற் கற்பனைப் போட்டிகள் பெருகிவந்துள்ளன. ஜோ லூயிசும் முகமது அலியும் மோதியிருந்தால் யார் வென்றிருப்பார்? ஜாக் டெம்ப்ஸியின் முன் மைக் டைசன் எத்தனை சுற்றுகள் நின்றிருப்பார்? இவ்வாறான வினாக்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்கப்பட்டு வருகின்றன. அவற்றுக்கு விடை கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவை எவ்வாறு எழுகின்றன, யாருக்குப் பயன்படுகின்றன, எவற்றை மறைக்கின்றன என்பவற்றை, 'ஹெவிவெயிற்' எனப்படும் அதிபார எடைப் பிரிவின் வரலாற்றை ஆதாரமாகக் கொண்டு ஆராய்வதே இங்கு மேற்கொள்ளப்படும் முயற்சியாகும்.

1. ஒப்பீட்டுக்குரிய பொதுத்தளம்

ஒப்பியல் தன்னளவிற் குறையுடைய முறையன்று. பேராசிரியர் க. கைலாசபதி 1968ஆம் ஆண்டு வெளியான தமது ஆங்கில நூலிலே சங்க காலத்து வீரயுகப் பாடல்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு ஒப்புநோக்கியபோது, இரண்டும் வாய்மொழிப் பாண்மரபிலே வேரூன்றியவை என்னும் பொதுத்தளத்தை நிறுவிக்கொண்டார். ஹோமரும் கபிலரும் எதிரெதிரே நின்றால் வெல்பவர் யார் என்று அவர் கேட்கவில்லை. இரு சமுதாயங்களும் எத்தகைய நிலைமைகளில் அத்தகைய பாடல்களை ஈன்றன என்றே கேட்டார். குத்துச்சண்டை பற்றிய காலங்கடந்த ஒப்பீடுகளில் இப்பொதுத்தளம் பெரும்பாலும் தேடப்படுவதேயில்லை.

பெயர் ஒன்றாயிருப்பினும் விளையாட்டு ஒன்றாயிருக்கவில்லை. கையுறையையும் மூன்று நிமிடச் சுற்றையும் வலியுறுத்திய குயீன்ஸ்பெரி விதிகள் 1867ஆம் ஆண்டு வெளியிடப்பட்டன. எனினும் 1889ஆம் ஆண்டிலே ஜோன் எல். சலிவன் வெறுங்கையுடனேயே ஜேக் கில்ரெயினுடன் எழுபத்தைந்து சுற்றுகள் மோதினார். அக்காலத்து விதிப்படி ஒருவர் கீழே வீழ்ந்ததும் ஒரு சுற்று முடிவுற்றது. மூன்றாண்டுகளின் பின், 1892இல், அதே சலிவன் கையுறை அணிந்து ஜேம்ஸ் கோர்பெற்றை எதிர்கொண்டு இருபத்தோராவது சுற்றிலே வீழ்த்தப்பட்டார். ஒரே மனிதர் தம் வாழ்நாளிலேயே இருவேறு விளையாட்டுகளை ஆடினார் எனலாம். அவ்வாறாயின் சலிவனை நூறாண்டுக்குப் பிற்பட்ட ஒருவருடன் மோதவிடுவோர் எந்தச் சலிவனை, எந்த விதியின்கீழ் நிறுத்துகின்றனர்?

சுற்றுகளின் எண்ணிக்கையும் சிந்திக்கத்தக்கது. 1915ஆம் ஆண்டு ஹவானாவில் ஜாக் ஜோன்சனும் ஜெஸ் வில்லார்டும் மோதிய போட்டி நாற்பத்தைந்து சுற்றுகளுக்கு நியமிக்கப்பட்டு இருபத்தாறாவது சுற்றில் முடிவுற்றது. பிற்காலத்திலே சம்பியன் பட்டப் போட்டிகளுக்குப் பதினைந்து சுற்றுகள் வழக்கமாயின. 1982ஆம் ஆண்டு தென்கொரிய வீரர் கிம் டுக் கூ போட்டியிற் பெற்ற காயத்தால் உயிர்நீத்ததன் பின்னர் அவை படிப்படியாகப் பன்னிரண்டாகக் குறைக்கப்பட்டன. இம்மாற்றத்தின் விளைவைப் பின்னோக்கிப் பொருத்திப் பார்த்தால் வியப்பான முடிவுகள் கிடைக்கும். 1952இல் றொக்கி மார்சியானோ, ஜேர்சி ஜோ வோல்கொட்டிடமிருந்து பட்டத்தைக் கைப்பற்றியது பதின்மூன்றாவது சுற்றிலேயாகும். அதுவரை அவர் புள்ளிகளிற் பின்தங்கியிருந்தார். 1941இல் பில்லி கொனிடம் தோற்கும் நிலையிலிருந்த ஜோ லூயிஸ் அவரை வீழ்த்தியதும் பதின்மூன்றாவது சுற்றிலேதான். இன்றைய விதியின்படி அப்படியொரு சுற்றே இல்லை. இன்றைய விதி அன்று இருந்திருப்பின், மாவீரர் இருவரின் வரலாறும் வேறாக எழுதப்பட்டிருக்கும்.

உடற்பாரத்தின் நிலையும் இதுவே. மார்சியானோ ஏறத்தாழ நூற்றெண்பத்தைந்து இறாத்தல் பாரமுடையவராய் உலக சம்பியனாக விளங்கினார். இன்று இருநூறு இறாத்தல் வரையுள்ளோருக்கு 'குறூசர்வெயிற்' என்னும் தனிப்பிரிவு உண்டு. எனவே இன்றைய வகுப்பீட்டின்படி மார்சியானோ அதிபாரப் பிரிவுக்கே உரியவரல்லர். 2020ஆம் ஆண்டு டைசன் ஃபியூரி 273 இறாத்தலுடன் மேடையேறினார். ஆயினும் பாரம் ஒன்றே முடிவைத் தீர்மானிப்பதுமில்லை. 1919இல் ஜாக் டெம்ப்ஸி தம்மைவிட ஐம்பது இறாத்தலுக்கு மேற் பாரமான வில்லார்டை முதற்சுற்றிலேயே ஏழு தடவை வீழ்த்தினார். 2024ஆம் ஆண்டு மே மாதம் ஒலெக்சாண்டர் ஊசிக் தம்மிலும் நாற்பது இறாத்தலளவு கூடிய ஃபியூரியைப் புள்ளிகளால் வென்று, இருபத்தைந்தாண்டுகளாகப் பிரிந்துகிடந்த பட்டங்களை ஒன்றாக்கினார்.

இனி, சான்றுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. முற்கால வீரர்களை நாம் படச்சுருள்களின் வாயிலாகவே காண்கின்றோம். கையாற் சுழற்றிப் பதிவுசெய்யப்பட்ட அப்படங்கள் பிற்காலத்து வேகத்தில் ஓட்டப்படும்போது வீரர்கள் பொம்மைகளைப் போலத் துள்ளுகின்றனர். அத்துள்ளலைக் கண்டு அவர்களைக் கற்றுக்குட்டிகள் எனக் கருதுவோர் உளர். ஒரேயொரு போட்டியின் படமும் எஞ்சாத வீரர்களும் உளர். ஜீன் டன்னியைத் தோற்கடித்த ஒரே மனிதரான ஹரி கிரெப் அத்தகையவர். காணாத ஒருவரைக் கண்ட ஒருவரோடு ஒப்பிடுவது எங்ஙனம்?

2. ஒப்பீடு தரும் பயன்

இவ்வளவும் கூறியபின், கற்பனைப் போட்டிகள் முற்றிலும் வீண் என்று ஒதுக்கிவிடலாமா? அவ்வாறு ஒதுக்குவது நேர்மையான விமர்சனமாகாது. முறையாகக் கையாளப்படும் கற்பனை, தனித்தனியே நோக்கும்போது புலப்படாத இயல்புகளைப் புலப்படுத்தும். லூயிஸ் - அலி ஒப்பீட்டை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம்.

லூயிஸ் வீண் அசைவற்றவர். கால்களைச் சிறுகச் சிறுக நகர்த்தி எதிரியை அணுகி, மிகக் குறுகிய தூரத்தில் அடுக்கடுக்காகக் குத்துகளைச் செலுத்துவதில் அவருக்கு நிகரானோர் அரியர். ஆனால் நிலையாக நில்லாது நகர்ந்துகொண்டேயிருந்தோர் அவரைத் தடுமாறச் செய்தனர். மேலே குறிப்பிட்ட பில்லி கொன், பாரத்தில் மிகக் குறைந்தவராயிருந்தும், பன்னிரண்டு சுற்றுகள் வரை அவரைத் திணறடித்தமை இதற்குச் சான்றாகும். மேலும், இடக்கையாற் குத்தியபின் அக்கையைத் தாழவிடும் வழக்கம் இளம் லூயிசிடம் இருந்தது. அதனைக் கண்டறிந்த ஜேர்மனிய வீரர் மாக்ஸ் ஷ்மெலிங் 1936ஆம் ஆண்டு தம் வலக்கையால் அவரைப் பன்னிரண்டாவது சுற்றில் வீழ்த்தினார்.

அலியோ கைகளைத் தாழ வைத்துக்கொண்டு, வரும் குத்திலிருந்து தலையைப் பின்னோக்கி இழுத்துத் தப்புபவர். பயிற்றுநர் எவரும் மாணவருக்குக் கற்பிக்க அஞ்சும் முறை இது. அவரது கால்களின் வேகம் இக்குறையை மறைத்தது. ஆயினும் இடக்கையின் வளைகுத்து அவரை அடிக்கடி வந்தடைந்தது. 1963இல் இலண்டனில் ஹென்றி கூப்பரும், 1971இல் நியூயோர்க்கில் ஜோ ஃபிரேசியரும் அவரைத் தரையில் வீழ்த்தியது அக்குத்தினாலேயாகும்.

இவ்விருவரையும் மனத்தால் எதிரெதிரே நிறுத்தும்போது, அலியின் நகர்வு கொனுடைய நகர்வை நினைவூட்டுகின்றது. அலி முன்னறிவிப்பின்றிச் செலுத்தும் வலக்கைக் குத்து ஷ்மெலிங் கண்டறிந்த வாயிலை நினைவூட்டுகின்றது. மறுபுறம், லூயிசின் குறுகிய இடக்கை வளைகுத்து ஃபிரேசியருடையதிலும் நேர்த்தியானது. 1938இல் அதே ஷ்மெலிங்கை இரண்டு நிமிடமும் நான்கு செக்கனும் கொண்ட சண்டையில் நொறுக்கிய லூயிஸ், தம் குறையைத் தாமே திருத்திக்கொண்டவர் என்பதையும் நாம் மறக்கலாகாது. இவ்வாறு சிந்திக்கும்போது இருவரின் கலையும் நமக்குத் தெளிவாகின்றது. ஆனால் தெளிவாவது கலையே, முடிவன்று. ஒப்பீட்டின் பயன் இவ்வெல்லையோடு நின்றுவிடுகின்றது.

3. கணக்குக்கு அடங்காமை

முடிவைக் கணிக்கவியலாமைக்குக் காலவேறுபாடு மட்டுமே காரணமன்று. ஒரே காலத்தில் வாழ்ந்து, ஒரே விதியின்கீழ், ஒரே மேடையில் மோதியோர் விடயத்திலும் கணக்குப் பொய்த்துப்போவதை வரலாறு காட்டுகின்றது.

1971ஆம் ஆண்டு ஜோ ஃபிரேசியர் அலியைத் தோற்கடித்தார். 1973ஆம் ஆண்டு ஜனவரியிலே ஜோர்ஜ் ஃபோர்மன் அதே ஃபிரேசியரை ஆறு தடவை வீழ்த்தி இரண்டே சுற்றுகளில் வென்றார். அவ்வாண்டு மார்ச்சிலே கென் நோர்ட்டன் அலியைத் தோற்கடித்து அவரது தாடையெலும்பையும் முறித்தார். 1974ஆம் ஆண்டு மார்ச்சிலே ஃபோர்மன் நோர்ட்டனையும் இரண்டே சுற்றுகளில் முடித்தார். அலியை வென்ற இருவரையும் ஃபோர்மன் நான்கு சுற்றுகளுள் ஒழித்துவிட்டார். கணக்கறிந்த எவரும் ஃபோர்மன் - அலி போட்டியின் முடிவை எழுதிவைத்துவிட்டு உறங்கச் செல்லலாம். ஆனால் அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் கின்ஷாசாவில் அலி எட்டாவது சுற்றிலே ஃபோர்மனை வீழ்த்தினார். கயிற்றிற் சாய்ந்து நின்று, எதிரி குத்திக் குத்தித் தன் வலிமையை இழக்குமாறு விட்டு, அதன்பின் தாக்கும் உபாயத்தை அவர் அவ்விரவிலே கையாண்டார். அலியின் முந்திய போட்டிகளை எவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்தாலும் இவ்வுபாயத்தை எவரும் முன்கூட்டிக் கணித்திருக்க முடியாது.

மனிதன் புதியதொன்றைச் செய்யவல்லவன் என்பதே இங்கு கணக்கைப் பொய்ப்பிக்கின்றது. கற்பனைப் போட்டியிலே நாம் நிறுத்தும் வீரனோ தான் ஏற்கெனவே செய்ததை மட்டும் திரும்பச் செய்யும் உருவமாகவே இருக்கின்றான்.

காலங்கள் உண்மையாகவே குறுக்கிட்ட போட்டிகளும் சில உண்டு. 1951இல் வரிக்கடனால் மீண்டும் மேடையேறிய முப்பத்தேழு வயது லூயிசை இளைஞரான மார்சியானோ எட்டாவது சுற்றிலே வீழ்த்தினார். 1980இல் முப்பத்தெட்டு வயது அலி லாரி ஹோம்ஸின் முன் பத்துச் சுற்றுகளின்பின் செயலற்று அமர்ந்தார். 1988இல் அதே ஹோம்ஸ் மைக் டைசனிடம் வீழ்ந்தார். இவற்றால் நாம் அறிவது முதுமையின் வலிமையை மட்டுமேயாகும்.

4. றீனோவிலே கேட்கப்பட்ட வினா

கணக்கு இவ்வளவு தெளிவாகப் பொய்த்துப்போகும்போதும் கற்பனைப் போட்டிகள் ஏன் ஓய்வதில்லை? அவை பெரும்பாலும் விளையாட்டைப் பற்றிய வினாக்களாக இல்லாமையே இதற்குக் காரணம் எனலாம்.

1908ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் சிட்னியிலே ஜாக் ஜோன்சன் ரொமி பேர்ன்ஸை வென்று உலக அதிபாரப் பட்டத்தைப் பெற்ற முதற் கறுப்பினத்தவரானார். தம்மினத்தவரே இப்பட்டத்துக்கு உரியவர் என நம்பிய வெள்ளையினத்தவருக்கு இது தாங்கவொண்ணாததாயிற்று. உயிரோடிருந்த எதிரிகளுள் ஜோன்சனை வெல்லவல்ல வெள்ளையர் எவரும் காணப்படவில்லை. எனவே அவர்கள் கடந்த காலத்தை நாடினர். தோல்வியறியாது 1905இல் ஓய்வுபெற்றிருந்த ஜேம்ஸ் ஜெஃப்ரீஸ் ஜோன்சனை எதிர்த்திருந்தால் எளிதில் வென்றிருப்பார் என்னும் பேச்சு எழுந்தது. எழுத்தாளர் ஜாக் லண்டன் முதலானோர் ஜெஃப்ரீஸ் மீண்டும் வரவேண்டுமென வெளிப்படையாகவே எழுதினர். உண்மையில் ஜெஃப்ரீஸ் சம்பியனாயிருந்த காலத்தில் கறுப்பினத்தவர் எவருக்கும் பட்டப் போட்டியில் இடமளிக்கவில்லை. நடந்திருக்கக்கூடிய ஒரு போட்டியைத் தாமே தடுத்துவிட்டு, பின் அதன் முடிவைத் தமக்குச் சாதகமாகக் கற்பித்துக்கொண்ட செயல் இது.

1910ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் நெவாடா மாநிலத்தின் றீனோ நகரிலே இக்கற்பனை நிஜமாக்கப்பட்டது. ஆறாண்டுகளாக மேடையேறாத ஜெஃப்ரீஸ், பெருத்திருந்த உடலை வருத்திக் குறைத்துக்கொண்டு வந்தார். பதினைந்தாவது சுற்றிலே போட்டி முடிவுற்றது. வென்றவர் ஜோன்சன். அச்செய்தி பரவியதும் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கறுப்பினத்தவர் தாக்கப்பட்டனர்; பலர் உயிரிழந்தனர். இரண்டாண்டுகளின்பின், 1912இல், குத்துச்சண்டைப் படங்களை ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்கு எடுத்துச் செல்வதைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அத்தடை 1940ஆம் ஆண்டுவரை நீடித்தது. கற்பனைக்கு மாறான விடை கிடைத்தபோது அவ்விடையைக் கண்ணிற்படாமல் அகற்றவே அவர்கள் முற்பட்டனர்.

5. கணனியின் தீர்ப்பு

றீனோவில் நிஜமாக்கப்பட்ட கற்பனை தோல்வியுற்றது. ஏறத்தாழ அறுபதாண்டுகளின் பின்னர் அதே கற்பனை விஞ்ஞானத்தின் உடையணிந்து மீண்டும் தோன்றியது.

1967ஆம் ஆண்டு மரே வொரோனர் என்னும் வானொலித் தயாரிப்பாளர் பதினாறு அதிபார வீரர்களைக் கொண்டு ஒரு கற்பனைச் சுற்றுப்போட்டியை நடத்தினார். வல்லுநர்களிடம் திரட்டிய மதிப்பீடுகள் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தின் 315 என்னும் கணனிக்கு ஊட்டப்பட்டன. அது தந்த முடிவுகள் நேர்முக வர்ணனை போன்று ஒலிபரப்பப்பட்டன. இச்சுற்றுப்போட்டியில் அலி ஜெஃப்ரீஸிடம் தோற்றதாக அறிவிக்கப்பட்டது. இறுதியிலே டெம்ப்ஸியை வென்று மார்சியானோ முதலிடம் பெற்றார். றீனோவிலே ஜோன்சனால் வீழ்த்தப்பட்ட அதே ஜெஃப்ரீஸ் கணனியின் உதவியால் மற்றொரு கறுப்பின வீரரை வென்றார் என்பதை இங்கு கவனித்தல் தகும்.

அலி பத்து இலட்சம் டொலர் நட்டஈடு கோரி வழக்குத் தொடர்ந்தார். அவ்வழக்கின் இணக்கத்தின் ஒரு பகுதியாகவே புகழ்பெற்ற அத்திரைப்படம் உருவாயிற்று. 1969ஆம் ஆண்டு மியாமியில் மூடிய படப்பிடிப்புக்கூடம் ஒன்றிலே நாற்பத்தைந்து வயது மார்சியானோ உடற்பாரத்தைக் குறைத்து, தலையிற் பொய்ம்முடி தரித்து, இருபத்தேழு வயது அலியுடன் எழுபதுக்கு மேற்பட்ட ஒரு நிமிடச் சுற்றுகள் மோதுவதுபோல நடித்தார். வெவ்வேறு முடிவுகள் படமாக்கப்பட்டன. அவ்வாண்டு ஓகஸ்ற் 31ஆம் நாள் மார்சியானோ விமான விபத்தில் உயிரிழந்தார். 1970ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள் படம் காண்பிக்கப்பட்டபோது, பதின்மூன்றாவது சுற்றிலே மார்சியானோ அலியை வீழ்த்துவதாக முடிவு அமைந்திருந்தது. அக்கணனி அலபாமாவிலே செய்யப்பட்டதாயிருக்கலாம் என அலி எள்ளி நகையாடினார் என்பர். ஐரோப்பாவிற் காட்டப்பட்ட பிரதியிலோ அலியே வென்றார் எனவும் கூறுவர். இயந்திரத்தின் தீர்ப்பும் பார்வையாளரைப் பொறுத்து மாறியதுபோலும்!

இயந்திரம் தானாகச் சிந்திக்கவில்லை. அதற்கு ஊட்டப்பட்ட மதிப்பீடுகள் மனிதருடையவை; அம்மனிதர்கள் ஒரு குறிப்பிட்ட காலத்து அமெரிக்க சமுதாயத்தினர். குத்துச்சண்டை வரலாற்றாசிரியருள் முதன்மையானவராக மதிக்கப்பட்ட நட் ஃபிளெய்ஷர், 1972இல் மறையும்வரை, தலைசிறந்த அதிபார வீரர் பதின்மரின் வரிசையில் அலிக்கு இடமளிக்கவில்லை. அதே வரிசையில் முதலிடத்தை ஜோன்சனுக்கு அளித்தவர் அவர் என்பதால் அதனை இனப்பகை என்று எளிதில் தள்ளிவிடவும் இயலாது. தம் இளமையிற் கண்டவர்களே பெரியோர் என்னும் மனப்பாங்கு அறிஞரையும் விட்டுவைப்பதில்லை. இத்தகைய மனப்பாங்குகள் எண்ணாக மாற்றப்பட்டு இயந்திரத்தினூடாக வெளிவரும்போது அவை புறநிலை உண்மை என்னும் தோற்றத்தைப் பெறுகின்றன. இங்கேதான் ஆபத்து இருக்கின்றது.

இப்படத்தைப் பற்றிய மிக முக்கியமான உண்மை அதன் முடிவிலன்று, அது எடுக்கப்பட்ட வேளையிலேயே அடங்கியுள்ளது. 1967ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் வியட்நாம் யுத்த காலத்து இராணுவ சேவைக்கு உட்பட மறுத்தமைக்காக அலியின் பட்டம் பறிக்கப்பட்டது; போட்டியிடும் அனுமதியும் மறுக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூனில் அவருக்கு ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீடு நிலுவையிலிருந்தமையால் அவர் சிறை செல்லவில்லையாயினும் 1970ஆம் ஆண்டு ஒக்டோபர்வரை மேடையேற முடியவில்லை. 1971 ஜூனில் அமெரிக்க உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை ஏகமனதாக நீக்கியது. ஆனால் இருபத்தைந்து முதல் இருபத்தெட்டு வரையான வயதை எந்த நீதிமன்றமும் திருப்பியளிக்க முடியாது. உண்மையான எதிரிகளோடு மோதுவதை அரசு தடுத்திருந்த அதே நாள்களில், ஓய்வுபெற்ற ஒருவரிடம் தோற்பதுபோல நடிப்பதற்கு வணிகம் அவருக்கு ஊதியம் வழங்கியது. நடந்திருக்கவேண்டிய போட்டிகளின் இடத்தை நடக்கவே முடியாத போட்டி நிரப்பியது.

6. காலம் தடுத்தவையும் மனிதர் தடுத்தவையும்

இந்நிகழ்ச்சி ஒரு வேறுபாட்டை நமக்கு உணர்த்துகின்றது. நடவாத போட்டிகள் இருவகையின. ஒன்று, காலம் தடுத்தவை. லூயிஸ் - அலி, டெம்ப்ஸி - டைசன் ஆகியன இவ்வகையின. இவற்றுக்கு எவரும் பொறுப்பாளியல்லர். மற்றையது, ஒரே காலத்தில் வாழ்ந்தோரிடையே மனிதர் தடுத்தவை. முதலாவது வகையைப் பற்றி எழுதப்பட்ட ஏடுகள் மலையாகக் குவிந்துள்ளன. இரண்டாவது வகையைப் பற்றிப் பேசுவோர் சிலரே.

1915இல் ஜோன்சன் பட்டத்தை இழந்தபின், 1937இல் ஜோ லூயிஸ் ஜேம்ஸ் பிரடொக்கை வெல்லும்வரை, இருபத்திரண்டு ஆண்டுகள் கறுப்பினத்தவர் எவரும் அதிபாரப் பட்டப் போட்டியில் அனுமதிக்கப்படவில்லை. இக்காலத்திலே ஹரி வில்ஸ் பல்லாண்டுகள் பட்டத்துக்கு முதன்மையான உரிமையாளராக மதிக்கப்பட்டார். 1919 முதல் 1926 வரை சம்பியனாயிருந்த டெம்ப்ஸியோடு அவர் மோதும் போட்டிக்கு ஒப்பந்தங்கள்கூடச் செய்யப்பட்டன. போட்டி நடைபெறவேயில்லை. வெள்ளையருடன் பட்டத்துக்காக மோத வழியில்லாத கறுப்பின வீரர்கள் தம்முள்ளேயே மீண்டும் மீண்டும் மோதிக்கொண்டனர். வில்ஸும் சாம் லாங்ஃபோர்டும் மட்டும் பத்துத் தடவைக்கு மேல் ஒருவரையொருவர் எதிர்கொண்டனர். லாங்ஃபோர்ட் உயரத்திற் குறைந்தவர். இலேசான எடைப் பிரிவிலிருந்து அதிபாரப் பிரிவுவரை அனைவரையும் எதிர்த்தவர். உலகப் பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. பார்வையிழந்து, வறுமையுற்று, ஹார்லெமில் ஒரு சிற்றறையில் வாழ்ந்துகொண்டிருந்த அவரை 1944ஆம் ஆண்டு ஒரு பத்திரிகையாளர் தேடிக் கண்டபோதே உலகம் அவரை மறுபடி நினைத்துக்கொண்டது.

இவ்விடயத்தில் ஒடுக்கப்பட்டோர் அனைவரும் தூயோர், ஒடுக்கியோரே குற்றவாளிகள் என்று எளிமைப்படுத்துவதும் பொருந்தாது. ஜோன்சன் தாம் சம்பியனானபின் லாங்ஃபோர்டுக்கு மறுபோட்டி வழங்கவில்லை. 1913ஆம் ஆண்டு பாரிஸில் பற்லிங் ஜிம் ஜோன்சனுடன் மோதி வெற்றிதோல்வியின்றி முடித்த போட்டி ஒன்றே, அவர் கறுப்பினத்தவர் ஒருவருக்கு அளித்த பட்டப் போட்டியாகும். கறுப்பினத்தவர் இருவர் மோதும் போட்டியைக் காண அன்றைய பார்வையாளர் பெரும்பணம் கொடுக்கமாட்டார் என்பது வணிகர் கணக்கு. அக்கணக்குக்கு ஜோன்சனும் உட்பட்டார். தனிமனித அச்சத்தைக் காட்டிலும் சந்தையின் விதி வலியது.

அரசியலும் வேறொரு வகையிற் குறுக்கிட்டது. கியூபாவின் தியோஃபிலோ ஸ்டீவென்சன் 1972, 1976, 1980 ஆகிய மூன்று ஒலிம்பிக் விழாக்களிலும் அதிபாரப் பிரிவிலே தங்கப் பதக்கம் வென்றவர். அவருக்கும் அலிக்கும் இடையே போட்டி நடத்தும் பேச்சுகள் எழுந்து மறைந்தன. தொழில்முறை விளையாட்டை ஒழித்திருந்த நாட்டின் வீரரான அவர், பெருந்தொகைப் பணத்தை மறுத்துத் தம் நாட்டிலேயே தங்கினார். வில்ஸுக்குக் கதவு அடைக்கப்பட்டது. ஸ்டீவென்சன் திறந்த கதவினுள் நுழைய மறுத்தார். இரண்டும் நடவாத போட்டிகளேயாயினும் இரண்டையும் ஒன்றாக எண்ணுதல் தவறு.

இதுகாறும் நோக்கியவற்றிலிருந்து ஒன்று புலனாகின்றது. காலம் தடுத்த போட்டிகளைக் கற்பனையில் நடத்தும்போது நாம் வரிசையில் நிறுத்துவோர் பெரும்பாலும் பட்டம் பெற்றவர்களே. பட்டம் பெறும் வாய்ப்பே மறுக்கப்பட்டோர் கற்பனையிலும் வாயிலுக்கு வெளியே நிற்கின்றனர். டெம்ப்ஸியும் டைசனும் மோதினால் என்னவாகும் என்று கேட்கும் ஒவ்வொரு தடவையும், டெம்ப்ஸியும் வில்ஸும் ஏன் மோதவில்லை என்னும் வினா பின்தள்ளப்படுகின்றது. முதல் வினாவுக்கு விடையே இல்லை. இரண்டாவதற்கு விடை உண்டு. அவ்விடையைத் தாங்கும் ஒப்பந்தங்களும் பத்திரிகைகளும் சட்டங்களும் ஆவணங்களாக நம்முன் உள்ளன.

ஆதலால் தலைசிறந்த வீரர்களின் வரிசையை வகுக்க முற்படும் விமர்சகர்களுக்கு ஒரு நடைமுறையை முன்மொழியலாம். ஒவ்வொரு சம்பியனின் பெயருக்கும் எதிரே அவர் வென்ற போட்டிகளை எழுதுவதோடு அமையாது, அவர் காலத்திலேயே வாழ்ந்து, அவரை எதிர்க்கத் தகுதி பெற்றிருந்தும் எதிர்க்க இயலாது போனோரின் பெயர்களையும், அதற்கான காரணத்தையும் எழுதுதல் வேண்டும். ஜெஃப்ரீஸின் பெயருக்கு எதிரே ஜோன்சன், ஜோன்சனின் பெயருக்கு எதிரே லாங்ஃபோர்ட், டெம்ப்ஸியின் பெயருக்கு எதிரே வில்ஸ், அலியின் பெயருக்கு எதிரே மூன்றரை ஆண்டுகள் என இப்பட்டியல் அமையும். தோல்வியறியாத வீரர் என்னும் புகழுரையின் உண்மையான பெறுமதியை அப்போதே நாம் மதிப்பிட முடியும்.